மூன்று குருவித் தோரணம்

பழவேற்காடு
1823 நவம்பர் 19

அருளாயிக்கு,

ஏழு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் நான் சாகக் கிடக்கிறேன் என்று நினைத்து அழ ஆரம்பிக்காதே. நன்றாக இருக்கிறேன். பல் ஒன்றுகூட விழவில்லை.

ஒரு வேலைக்காக எழுதுகிறேன். பாலன் பிறந்த திருநாளுக்கு முந்தின மாலை, ஒல்லாந்து துரையின் மனைவி நம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். உன் அப்பா துரைமாரின் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியாக இருந்தவரை அவர்கள் படியேறி வந்த வீடு இது. அவர் போன பிறகு பதினோரு வருடமாக இந்த வாசலில் ஒரு பல்லக்கு நிற்கவில்லை. அந்த அம்மாளுக்கு ஊர் ஏக்கம். அவர்கள் தேசத்தில் குளிர்காலத்தில் பச்சைக் கிளைகளை வளையமாகக் கட்டிக் கதவில் மாட்டுவார்களாம், ஜன்னலில் நட்சத்திரம் தொங்குமாம். "இங்கே மணலும் கருவாடும்தானே இருக்கின்றன" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இந்த மணலிலிருந்தே அதைவிட நன்றாகச் செய்து காட்டுகிறேன் என்று நான் சொல்லிவிட்டேன்.

அதைச் செய்யும் கை இந்தப் பக்கத்தில் உன்னிடம்தான் இருக்கிறது. இதை எழுதுவது எனக்கு எவ்வளவு கசப்பு என்று உனக்குத் தெரியும்.

கதவுக்கு ஒரு வளையம், ஜன்னல்களுக்கு நட்சத்திரம், கூடத்துக்கும் வாசலுக்கும் தோரணம். ஓலை, கோரை, சிப்பி, இறகு போதும். சாயக் காகிதம் கூடாது. மாதிரிக்கு ஒன்றொன்று செய்து அமீர் ஜான் படகில் அனுப்பு.

மீன்பிடிக்கிறவனோடு நீ படகேறிய அன்றே சில சொற்களை நான் விட்டுவிட்டேன். அதனால் கீழே பெயர் மட்டும் போடுகிறேன்.

சவரியம்மாள்


குப்பம்
நவம்பர் 24

என்னைப் பெற்ற அம்மாவின் பாதங்களைத் தொட்டு அருளாயி எழுதுவது.

உங்கள் பல் எல்லாம் பத்திரமாக இருப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத முடியாது. கடிதத்தை எட்டு முறை படித்தேன். கசப்பு என்று எழுதிய இடத்தில்கூட உங்கள் எழுத்து கோணவில்லை.

அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டேன். கோரையை ஊறவைத்து முறுக்கி வளையம் கட்டினேன். ஏரி மேட்டில் உமரிச் செடி சிவந்து கிடக்கிறது, அதை வளையத்தில் இடைக்கிடை செருகினேன். காய்ந்தாலும் நிறம் போகாது. பனங்குருத்தை நிழலில் உலர்த்தி நட்சத்திரம் முடைந்தேன். சிப்பிகளைச் சாம்பல் தண்ணீரில் வேகவைத்து, மணலில் தேய்த்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினேன்.

சிப்பி வெந்துகொண்டிருந்தபோது என் மாமியார் கோவிந்தம்மா சட்டியை எட்டிப் பார்த்தார். "இன்னாடி துபாஷி பொண்ணு, வெறும் ஓட்ட வேக வெக்கிற? சதய யாருக்குப் போட்ட?" என்றார். அம்மா கேட்டிருக்கிறார் என்றேன். "ஏழு வருசமா அந்த மகராசி நீ இருக்கியா செத்தியான்னு கேக்கல. இப்ப ஓடு கேட்டுச்சா?" என்று சிரித்தார். கெட்டவர் இல்லை அம்மா. அவர் பேச்சே அப்படி.

என் வீட்டுக்காரர் துளசிங்கம் பூநாரை இறங்கும் திட்டுக்குப் போய் ரோஜா நிற இறகு பொறுக்கி வந்தார். "உங்கம்மா என்ன பத்தி எதனா எழுதினாங்களா?" என்றார். இல்லை என்றேன். "சரி வுடு. இறகு போதுமா, இன்னும் வேணுமா?" என்றார்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். திருநாள் அன்று ருக்குவோடு நான் வீட்டுக்கு வரட்டுமா? அவளுக்கு நான்கு வயது. உங்கள் மூக்கு அவளுக்கு. ஒரு வேளை இருந்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

உங்கள் மகள்
அருளாயி


பழவேற்காடு
டிசம்பர் 1

அருளாயிக்கு,

மாதிரிகள் வந்தன.

வளையம் வட்டமாக இல்லை. சாப்பாட்டுத் தட்டை மேலே கவிழ்த்துப் பார்த்தேன், இடப்பக்கம் ஒரு விரல் பிதுங்குகிறது. சிப்பியில் இன்னும் வாடை இருக்கிறது. நீ உணர்ந்திருக்க மாட்டாய். ஏழு வருடத்தில் மூக்கு பழகியிருக்கும். நட்சத்திரத்தில் குறை காணத் தேடினேன், கிடைக்கவில்லை. அதே மாதிரி பன்னிரண்டு வேண்டும். இறகுகள் நல்ல நிறம். பொறுக்கியவருக்குச் சொல்லிவிடு.

தோரணம் நீ அனுப்பியது சந்தைக்கடைத் தோரணம். எனக்கு வேண்டியது வேறு. ஓலைக்கு மூன்று குருவி மடித்துத் தொங்கவேண்டும். பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்று ஆண்டவர் மூவராக இருக்கிறார் அல்லவா, அதற்காக மூன்று. மூன்றும் தலை கீழே குனிந்திருக்க வேண்டும், குடிலில் கிடக்கும் பாலனைப் பார்த்து வணங்குவதுபோல. புதுச்சேரி மடத்தில் என்னை வளர்த்த கன்னியர்கள் இதைக் கேட்டால் மெச்சியிருப்பார்கள். கூடத்துக்கும் வாசலுக்கும் சேர்த்துப் பதினைந்து ஓலை.

நீ கேட்டதற்குப் பதில், வேலையைப் பார்த்த பிறகு.

சவரியம்மாள்


குப்பம்
டிசம்பர் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

வளையத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டிவிட்டேன். உரல் வாயின்மேல் வைத்து அளந்தேன், இம்முறை பிதுங்காது. சிப்பிகளை மூன்று தண்ணீரில் அலசி வெயிலில் போட்டிருக்கிறேன். இறகைப் பற்றி எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். அன்று இரண்டு கவளம் அதிகமாகச் சாப்பிட்டார்.

தோரணத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. கோபிக்காமல் படியுங்கள்.

இங்கே நல்ல காரியத்துக்கு நான்கு குருவி, தலை மேலே. சாவு வீட்டுக்குத்தான் மூன்று, தலை கீழே. அது வாசலில் தொங்கினால் கேட்காமலே தெரியும், உள்ளே பிணம் கிடக்கிறது என்று. சும்மா இருக்கும்போது ஒரு பெண் அதைக் கட்டினால், சாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. கடலுக்குப் போகிற ஆண்கள் உள்ள வீட்டில் யாரும் விளையாட்டுக்குக்கூடச் செய்ய மாட்டார்கள். ருக்கு ஒரு நாள் ஓலையைத் தலைகீழாகப் பிடித்ததற்கே என் மாமியார் அவள் கையில் ஓர் அடி வைத்தார். "உங்கப்பன் கடல்ல கெடக்கும்போது இன்னாடி புடிக்கிற?" என்று.

எனக்கு அதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று கேட்காதீர்கள். இவர்கள் நடுவில் இருக்கிறேன். நான்கு குருவி வைக்கட்டுமா? அல்லது குருவியே வேண்டாம், மீன் மடிக்கிறேன். ஓலை மீனுக்குச் சிப்பிச் செதில் ஒட்டினால் துரைசானி இதுவரை பார்த்திருக்க மாட்டாள்.

மீதி எல்லாம் நீங்கள் சொன்னபடி.

உங்கள் மகள்
அருளாயி


பழவேற்காடு
டிசம்பர் 8

அருளாயிக்கு,

மீன் வேண்டாம். அந்த வீட்டில் மீனுக்குக் குறைவிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஓலையை மடித்தால் சாவு வரும் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவள் நான். முட்டிபோட வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். அது எந்தப் படகில் விழுந்து போயிற்று?

தெளிவாகச் சொல்கிறேன். மூன்று குருவி, தலை கீழே, பதினைந்து ஓலை. அவை வந்தால் இருபத்து நான்காம் தேதி மாலை முன்கதவு உனக்கும் பெண்ணுக்கும் திறக்கும். துரைசானியின் எதிரில் உன்னை என் மகள் என்று சொல்வேன். நீ கேட்டது அதுதானே? வராவிட்டால் நீ கோவிந்தம்மாவின் மருமகள் மட்டுமே. அவளுக்குப் பிடித்தபடி எத்தனை குருவி வேண்டுமானாலும் மடித்துக்கொண்டிரு, எனக்கு எழுதாதே.

சவரியம்மாள்


குப்பம்
டிசம்பர் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

கட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு பதினைந்தும் வருகின்றன. கீழே போட்டு மேலே பழம்பாயைச் சுற்றி, வளையமும் நட்சத்திரமும் தெரியும்படி வைத்திருக்கிறேன். அமீர் ஜானுக்கு மட்டும் தெரியும். "அம்மா வூட்டுக்குத்தானம்மா போவுது, எனக்கு இன்னா, நான் பாக்கவேயில்ல" என்றார்.

மாமியார் மீன் காயவைக்கப் போகும் முற்பகல்களில் வலைக் கொட்டகையில் உட்கார்ந்து கட்டினேன். கை கேட்கவில்லை அம்மா. மூன்றாவது குருவி முடிந்ததும் தானாக நான்காவதற்கு ஓலையைக் கிழிக்கிறது. முதல் நாள் இரண்டுதான் முடிந்தது. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டேன், பழகிவிட்டது. ஒன்று பாதியில் கிழிந்துபோயிற்று. அவசரத்தில் அதைக் கூரை ஓலையில் செருகினேன். அடுப்பில் போட வேண்டும், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.

ருக்குவுக்கு உங்கள் பழைய நீலப் புடவையிலிருந்து பாவாடை தைத்திருக்கிறேன். நான் கிளம்பிய அன்று உடுத்தியிருந்த அதே புடவை. "ஆயா வூட்ல நாற்காலி இருக்குமா?" என்று தினம் கேட்கிறாள். என் வீட்டுக்காரர் எங்களைப் படகில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கரையிலேயே இருந்துவிடுவதாகச் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை.

இருபத்து நான்கு மாலை வருகிறோம்.

உங்கள் மகள்
அருளாயி


பழவேற்காடு
டிசம்பர் 19

அருளாயிக்கு,

எல்லாம் வந்து சேர்ந்தன. வளையம் வட்டம். நட்சத்திரம் பன்னிரண்டும் ஒரே அளவு. குருவிகள் நான் நினைத்ததைவிட நன்றாகக் குனிந்திருக்கின்றன. ஏழாவது ஓலையில் நடுக்குருவியின் அலகு மழுங்கியிருக்கிறது. அதைத் தூணுக்குப் பின்னால் கட்டச் சொல்லிவிட்டேன்.

நீ வரும்போது நினைவில் வைக்க வேண்டியவை: தலையில் மீன் எண்ணெய் வாடை இருக்கக் கூடாது. பெண்ணை அந்தப் பெயரால் கூப்பிடாதே. அன்று மாலைக்கு அவள் ரோசா. நாற்காலியில் உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும். கணவரைப் பற்றி துரைசானி கேட்டால், கடல் வியாபாரம் என்று நான் சொல்வேன். நீ சும்மா இரு.

படியேறும்போது வலது கால்.

சவரியம்மாள்


பழவேற்காடு, ஆமினா பீவி வீடு
டிசம்பர் 22

அம்மா,

உங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலிருந்து எழுதுகிறேன். அமீர் ஜான் நேற்று என்னைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு வந்து, அவர் அக்கா ஆமினா பீவியிடம் விட்டார். நான் மட்டும்தான். ருக்கு அங்கே.

வியாழக்கிழமை கொட்டகைக் கூரையில் கிழிந்த தோரணத்தை மாமியார் பார்த்துவிட்டார். யார் கட்டியது என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "மூணு பேர் கடல்ல இருக்காங்கடி. யாருக்குடி கட்ன?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை முகத்துவாரத்தில் படகு புரண்டது. அங்கே மணல் திட்டு இடம் மாறியிருக்கிறது, எல்லாப் படகும் இந்த மாதம் அங்கே தடுமாறின. என் வீட்டுக்காரர் நீந்தி வந்தார். கூடப் போன எல்லப்பன் வந்தார். என் கொழுந்தன் வேணு வரவில்லை. இருபது வயது. மாலையில் வலையோடு கரை ஒதுங்கினான்.

ஊர் கூடியது. ஊர்ப் பெரியவர் ஆதிநாராயணன் என்னைப் பார்க்காமலே பேசினார். "கட்னது இவ கை. இவ இங்க இருந்தா அடுத்தது யாரு?" என்றார். என் வீட்டுக்காரர் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். நிமிரவில்லை. ருக்குவைத் தூக்கப் போனேன், பெண்கள் குறுக்கே நின்றார்கள்.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் மடத்தில் வளர்ந்தவர், இந்தக் குப்பத்து வழக்கமெல்லாம் உங்களுக்குத் தெரியாது. நான் எழுதியதையும் ஏதோ குழந்தைப் பயம் என்று நினைத்துவிட்டீர்கள். தெரிந்துகொண்டே கேட்கிறவர் இல்லை நீங்கள் என்று எனக்குத் தெரியும்.

மாற்றுப் புடவை இல்லை. இருபத்து நான்கு வரை காத்திருக்காமல் இன்றைக்கே வரட்டுமா? ஆமினா பீவி தன் பிள்ளையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறார். அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அருளாயி


பழவேற்காடு
டிசம்பர் 23

அருளாயிக்கு,

அந்த இளைஞனின் ஆன்மாவுக்காக மன்றாடுகிறேன். மணல் திட்டு மாறியதால் படகு புரண்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். அது சரியான காரணம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

இன்றைக்கு வர வேண்டாம். நாளைக்கும் வேண்டாம். ஒரே புடவையில், அழுது வீங்கிய முகத்தோடு, சாவு வீட்டிலிருந்து நேராக வந்தவளைத் துரைசானியின் எதிரில் நிறுத்தி மகள் என்று சொல்ல முடியாது. நான் வாக்குக் கொடுத்தது பெண்ணோடு முறையாக வருகிறவளுக்கு. மூன்று ராசாக்கள் திருநாள் கழியட்டும், பார்க்கலாம்.

ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். நாற்பத்து மூன்று வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இந்தத் தெரு வழியாக எத்தனை பிணம் போயிருக்கும்? சாவுத் தோரணத்தில் எத்தனை குருவி என்று உன் மாமியார் அந்தக் குப்பத்துக்கு வாழ வரும் முன்பே எண்ணியவள் நான். தெரிந்துதான் கேட்டேன். உனக்குப் பயம் ஆண்டவரிடமா அந்தக் குப்பத்திடமா என்று பார்க்க வேண்டியிருந்தது. நீ கட்டி அனுப்பியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அறியாதவள் என்று என்மேல் இரக்கப்பட வேண்டாம்.

இதோடு ஒரு புடவை அனுப்பியிருக்கிறேன்.

சவரியம்மாள்


பழவேற்காடு
1824 ஜனவரி 12

அருளாயிக்கு,

மூன்று ராசாக்கள் திருநாள் ஆறாம் தேதி கழிந்தது. ஆள் அனுப்பினேன். நீ முந்தின நாளே படகேறிவிட்டதாக ஆமினா பீவி சொன்னாளாம். நான் அனுப்பிய புடவையை, நீ பிரிக்காமல் வைத்தபடியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

துரைசானி வந்தாள். வளையத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், கண் கலங்கினாள். குருவிகள் என்ன என்று கேட்டதற்குத் திரித்துவத்தை விளக்கினேன். கால் மணி நேரம் இருந்தாள். யார் செய்தது என்று கேட்டாள். குப்பத்துப் பெண் ஒருத்தி என்றேன். அவளுக்கும் ஒரு வளையம் வேண்டுமாம், ஆனால் அவர்கள் எல்லாரும் சீக்கிரம் ஊரை இங்கிலீஷ்காரரிடம் விட்டுவிட்டுப் போகப்போவதாகப் பேச்சு. அதனால் வேண்டாம் என்றாள்.

சமையல்காரி லோகநாயகி வாசல் தோரணத்தைப் பார்த்த அன்றே பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். திருநாள் காலையில் தெருக்காரர்கள் நாலைந்து பேர் தலையில் துணியோடு வந்து, எப்போது ஆயிற்று என்று விசாரித்தார்கள். நான்தான் கதவைத் திறந்தேன். ஒரு கிழவி என்னைப் பார்த்து அலறிவிட்டாள். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

இப்போது நானே சமைக்கிறேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இன்னும் அளவு பிடிபடவில்லை, தினம் மீந்துபோகிறது.

நீ வரலாம். முன்கதவுத் தாழ் துருப்பிடித்துவிட்டது, பின்பக்கம் வா. கிணற்றை ஒட்டிய அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். பெண்ணையும் கொண்டு வா. ருக்கு என்றே கூப்பிடு. வேண்டுமானால் நாற்காலியில் உட்காரட்டும்.

கண் சரியாகத் தெரியவில்லை, எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அம்மா
சவரியம்மாள்


குப்பம்
ஜனவரி 26

துபாஷி வீட்டுச் சவரியம்மாளுக்கு,

உங்கள் கடிதம் பதின்மூன்றாம் தேதியே வந்தது. துக்கம் காக்கிற வீட்டில் கடிதம் பிரிக்கக் கூடாது என்றார்கள். அதனால் இன்று காலைதான் படித்தேன்.

இருபத்து நான்காம் தேதி மாலை பல்லக்கு உங்கள் தெருவில் திரும்பியதை ஆமினா பீவி வாசலில் நின்று பார்த்தேன். உங்கள் ஜன்னல்களில் விளக்கு வைத்திருந்தீர்கள். நட்சத்திரங்கள் நன்றாகத் தெரிந்தன.

வேணுவின் பதினாறாம் நாளுக்கு இங்கே வந்தேன். வேலிக்கு வெளியே நிற்கவைத்தார்கள். உள்ளே ருக்கு அழுதுகொண்டிருந்தாள். நான்கு நாள் வெளியேதான் இருந்தேன், கோவிந்தம்மா கஞ்சியை வேலிக்கு மேலே நீட்டினார். ஐந்தாம் நாள் ஆதிநாராயணன் வந்தார். "நீயா கட்டல, கட்டச் சொன்னது அந்த வூடுன்னு உன் மாமியா சொல்லுது. நெசமா?" என்றார். ஆமாம் என்றேன். சொன்னவருக்கு அது என்னவென்று தெரியுமா என்று கேட்டார். தெரிந்துதான் கேட்டேன் என்று நீங்கள் எழுதிய கடிதம் மடியில் இருந்தது. தெரியும் என்றேன்.

"அப்ப சாவு அந்த வூட்லேர்ந்துதான் வந்துச்சு. உனுக்கு ஆத்தா செத்துட்டான்னு தலமுழுவு. செய்ய வேண்டியத செய். அப்பால உம் புள்ளகிட்ட போ" என்றார்.

மறுநாளே செய்தேன். பத்தாம் தேதி காலை கடலில் முழுகினேன். என் வீட்டுக்காரர் கூடவே இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அன்றுதான் என்னிடம் பேசினார், "அலை வருது, புடிச்சிக்க" என்று. கோவிந்தம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊர்ப் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். உங்களைப் பார்க்காதவர்கள், ஆனாலும் நன்றாக அழுதார்கள். நான் அழமாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

நேற்று உங்களுக்குப் பதினாறாம் நாள். உங்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டார்கள். வெல்லம் போட்ட அரிசிப் பாயசம், ஏலக்காய் கூடாது, முந்திரி வறுபடக் கூடாது என்று சொன்னேன். அப்படியே செய்தார்கள். ஊர் முழுக்க வந்து சாப்பிட்டது. ருக்கு இரண்டு தரம் வாங்கிக் குடித்தாள்.

துளசிங்கம் மனைவி
அருளாயி